முதலில் தந்தி, பிறகு பிக்கப் என்றுதான் நினைத்திருந்தேன்

போன ஞாயிறு ஆராதனை முடிந்து கிதாரைப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டிருந்தேன். கல்லூரியில் படிக்கும் ஒரு தம்பி பக்கத்தில் வந்து நின்றார். "ஆன்ட்டி, இதில் என்ன பிக்கப் போட்டிருக்கிறீர்கள்? ஸ்பீக்கரில் கேட்ட மாதிரியே இல்லை, கிதாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாதிரி இருந்தது" என்றார். பிக்கப் என்பது கிதாரின் அதிர்வை மின்சாரமாக்கி ஸ்பீக்கருக்கு அனுப்பும் சிறு கருவி. பெயரைச் சொன்னேன். போனில் குறித்துக்கொண்டு போய்விட்டார்.

வீட்டுக்கு வந்த பிறகு மனது உறுத்தியது. பாதிப் பதிலைத்தான் சொல்லி அனுப்பியிருக்கிறேன். என்ன தந்தி போட்டிருக்கிறேன் என்று சொல்லவில்லை. அவருடைய கிதார் என்ன மரம் என்று கேட்கவில்லை. இந்த மூன்றையும் சேர்த்துப் பார்க்காமல் பிக்கப்பை மட்டும் வாங்கினால், நான் கழித்த இரண்டு வருடத்தை அவரும் கழிக்க வேண்டியிருக்கும். அதனால் மீதிப் பதிலை இங்கே எழுதுகிறேன்.

என்னுடையது மார்ட்டின் நிறுவனத்தின் ஓஎம்-28 கிதார். அக்கா பென்சில்வேனியாவில் இருக்கிறாள். 2019 கோடை விடுமுறையில் அவளிடம் போயிருந்தபோது, "உனக்கு ஓர் ஊரைக் காட்டுகிறேன்" என்று காரில் ஏற்றிக்கொண்டு போனாள். அரை மணி நேரத்தில் சாலையோரம் ஒரு பலகை வந்தது: நாசரேத். தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத்தில் பிறந்து வளர்ந்தவர்கள் நாங்கள். இருவருக்கும் கொஞ்ச நேரம் பேச்சே வரவில்லை. ஜெர்மனியிலிருந்து வந்த சி.எஃப். மார்ட்டின் 1833இல் நியூயார்க்கில் தொழிலைத் தொடங்கி, சில ஆண்டுகளில் இந்த நாசரேத்துக்குக் குடிபெயர்ந்தார். அவர் பெயரில் உள்ள தொழிற்சாலை இன்றும் அங்கேதான் இருக்கிறது. உள்ளே சுற்றிக் காட்டுகிறார்கள். வளைத்த பக்கப் பலகைகளை அடுக்கி வைத்திருந்த இடத்தைக் கடந்தபோது ஒரு வாசனை வந்தது. தாத்தா வீட்டு அலமாரியைத் திறந்தால் வருமே, அதே வாசனை. அது இந்திய ரோஸ்வுட். நாம் தோதகத்தி என்றும் ஈட்டி என்றும் சொல்லும் மரம். மேற்குத் தொடர்ச்சி மலையில் வளர்வது. 1969 வாக்கில் பிரேசில் ரோஸ்வுட் கிடைப்பது கடினமானபோது மார்ட்டின் நிறுவனம் இந்த மரத்துக்கு மாறியது.

அந்தப் பயணத்திலேயே அக்கா எனக்கு அந்தக் கிதாரை வாங்கிக் கொடுத்தாள். ஓஎம் என்பது ஆர்கெஸ்ட்ரா மாடல். 1929இல் வந்த வடிவம். ட்ரெட்நாட் என்ற பெரிய உடம்புக் கிதாரை விட இடுப்பு ஒடுங்கியது, விரலால் வாசிப்பவர்களுக்கு ஏற்றது. மேற்பலகை சிட்கா ஸ்ப்ரூஸ், பின்னும் பக்கமும் தோதகத்தி, விரல்பலகையும், மேற்பலகையில் தந்திகளைப் பிடித்து வைக்கும் பிரிட்ஜும் கருங்காலி. மரத்தின் பெயரை எல்லாம் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. தோதகத்தி தாழ்ந்த சுரங்களை அடர்த்தியாகத் தரும். மேல்சுரங்களையும் நிறையக் கிளப்பும். ஒரு தந்தியைத் தட்டிவிட்டுக் காத்திருந்தால் அது அடங்குவதற்குள் இன்னும் பல சத்தங்கள் உள்ளிருந்து எழுந்து வரும். இந்தக் குணத்தைத் தெரிந்துகொள்ளாமல் தந்தி வாங்கப் போனதுதான் என் முதல் பிழை.

எஃகுத் தந்திக் கிதாரில் மெல்லிய இரண்டு தந்திகள் வெறும் எஃகு. மற்ற நான்கிலும் நடுவே எஃகுக் கம்பி, அதன்மேல் இன்னொரு கம்பியை நெருக்கமாகச் சுற்றியிருப்பார்கள். உறையில் 80/20 என்றும் பாஸ்பர் பிரான்ஸ் என்றும் போட்டிருப்பதெல்லாம் இந்தச் சுற்றுக் கம்பியைப் பற்றித்தான். 80/20 என்றால் நூற்றுக்கு எண்பது பங்கு செம்பு, இருபது பங்கு துத்தநாகம். வியாபாரத்தில் பிரான்ஸ் என்றாலும் நம் வீட்டுக் கணக்கில் அது பித்தளை. 1930களிலிருந்தே புழக்கத்தில் இருக்கிறது. பாஸ்பர் பிரான்ஸை 1974இல் டடாரியோ நிறுவனம் கொண்டுவந்தது. செம்பு 92 பங்கு, வெள்ளீயம் ஏறத்தாழ 8 பங்கு, அதோடு துளி பாஸ்பரஸ். இதுதான் அசல் வெண்கலம். பித்தளை, வெண்கலம் என்று மனதில் வைத்துக்கொண்டால் கடையில் நின்று குழம்ப வேண்டாம்.

ஊருக்கு வந்ததும் ஒரு நோட்டுப் புத்தகம் போட்டேன். அதே நாற்காலி, அதே அறை, போனை வைக்கும் இடத்துக்குத் தரையில் ஒரு டேப் அடையாளம், ஒரே கீர்த்தனை. ஒவ்வொரு செட்டையும் போட்ட அன்றும், நான்காம் நாளும், இரண்டாம் வாரமும், ஆறாம் வாரமும் பதிவு செய்தேன். பள்ளியில் இயற்பியல் நடத்துகிறேன். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று என்று பிள்ளைகளுக்குச் சொல்வதை நானும் கடைப்பிடிக்க வேண்டும் அல்லவா?

முதலில் பூச்சில்லாத 80/20. போட்ட அன்று ஒவ்வொரு சுரமும் தனித்தனியாக, கழுவித் துடைத்த பாத்திரம் மாதிரி பளிச்சென்று நின்றது. நான்காம் நாள் பதிவில் அது இல்லை. நான் இருப்பது பெசன்ட் நகரில், கடற்கரையிலிருந்து மூன்றாவது தெரு. ஜன்னல் கம்பிக்கு வருடம் தவறாமல் பெயின்ட் அடித்தாலும் துரு மேலே வந்துவிடும் இடம். உப்புக் காற்றும் விரல் வியர்வையும் சுற்றுகளின் இடுக்கில் சேர்ந்து காய்ந்து, தந்தியின் எடையைக் கூட்டி, அதன் நெகிழ்வைக் கெடுத்துவிடுகின்றன. மேல்சுரங்கள்தான் முதலில் மங்கும். பூச்சில்லாத பாஸ்பர் பிரான்ஸ் கூடுதலாகத் தாக்குப் பிடித்தது. இரண்டு வாரம் நன்றாக இருந்தது. அதன் ஒலி இன்னும் கதகதப்பானது, அகலமானது.

மோனல் தந்தியையும் முயன்றேன். நிக்கலும் செம்பும் கலந்தது, நிக்கல் கூடுதல். அமெரிக்க புளூகிராஸ் கிதார் கலைஞர் டோனி ரைஸ் தன் 1935ஆம் ஆண்டு மார்ட்டின் டி-28 கிதாரில் மோனல் தந்தி வாசித்தவர். அவர் பெயரிலேயே மார்ட்டின் ஒரு செட் விற்றது. அவருடைய வலது கையை நினைத்துக்கொண்டுதான் வாங்கினேன். என் கிதாரில், என் விரலில், அது வறண்டு ஒலித்தது. தந்தியின் குறை அல்ல. பிளெக்ட்ரம் என்ற சிறு தகட்டைப் பிடித்து வேகமாக வாசிப்பவருக்கு அந்த வறட்சிதான் தெளிவு. விரல் நுனிச் சதையால் வாசிக்கும் எனக்கு அது ஒட்டவில்லை. இன்னும் பிரிக்காத ஒரு மோனல் செட் இழுப்பறையில் இருக்கிறது.

கடைசியாகப் பூச்சுத் தந்தி. 1997இல் எலிக்சர் என்ற பெயரில் இவற்றைக் கொண்டுவந்தது டபிள்யூ.எல். கோர் நிறுவனம், மழைக்கோட்டுக்கான கோர்-டெக்ஸ் துணியைச் செய்பவர்கள். சுற்றி முடித்த தந்தியின்மேல் முழுவதுமாக மெல்லிய படலம் போர்த்துகிறார்கள். அதனால் இடுக்கில் எதுவும் இறங்குவதில்லை. வேறு சில நிறுவனங்கள் சுற்றுவதற்கு முன்பே சுற்றுக் கம்பிக்குப் பூச்சுக் கொடுக்கின்றன. முதல் வாரம் விரலுக்கு வழுவழுப்பாக, யாருடைய கிதாரையோ வாசிப்பது போல இருந்தது. ஆறாம் வாரப் பதிவைக் கேட்டதும் அந்தக் குறை போய்விட்டது. முதல் நாள் பதிவுக்கும் அதற்கும் வேறுபாடு இருந்தது. ஆனால் அது நான் பொறுத்துக்கொள்ளும் வேறுபாடு. ஒரு செட் ஆயிரம் ரூபாயைத் தாண்டும். கடலோரத்தில் இருப்பவர்களுக்கு அதுவே சிக்கனம் என்று அடித்துச் சொல்வேன்.

அப்படியாகப் பூச்சுள்ள பாஸ்பர் பிரான்ஸ், 12-53 அளவு என்று முடிவு செய்து நோட்டுப் புத்தகத்தை மூடி வைத்தேன். தந்தி விவகாரம் முடிந்தது என்று நம்பினேன்.

அளவைப் பற்றி ஒரு வார்த்தை. 12 என்றால் முதல் தந்தி 0.012 அங்குலம், சுமார் 0.30 மில்லிமீட்டர். 53 என்றால் ஆறாம் தந்தி 0.053 அங்குலம். 13 போட்டால் சத்தம் பெருகும் என்று பலர் சொல்வார்கள், பெருகத்தான் செய்யும். ஆனால் நீளமும் சுருதியும் மாறாதபோது இழுவிசை தந்தியின் எடையோடு ஏறும். 12க்கும் 13க்கும் குறுக்குவெட்டுப் பரப்பை வகுத்துப் பாருங்கள், ஏறத்தாழ 17 சதவீதம் கூடுதல். 12-53 செட்டில் ஆறு தந்தியும் சேர்ந்து இழுப்பது 70 கிலோவுக்கு மேல். வளர்ந்த ஒரு மனிதரின் எடை. அதைத் தாங்குவது சுமார் 3 மில்லிமீட்டர் ஸ்ப்ரூஸ் பலகையும் அதன் உட்புறம் ஒட்டிய மரச் சட்டங்களும்தான். பலகை மெல்லியதாக இருந்தால்தான் நன்றாக அதிரும். அதன்மேல் தேவையில்லாத சுமையை ஏற்ற எனக்கு மனம் வரவில்லை. சென்னையின் ஈரப்பதத்தில் பலகை உப்பித் தந்திகள் உயர்வதை வேறு சமாளிக்க வேண்டியிருக்கிறது.

இனி பிக்கப்.

எங்கள் சபையில் பாமாலைக்கு ஆர்கன், கீர்த்தனைக்குக் கிதாரும் தபேலாவும். இருநூறு பேர் சேர்ந்து பாடும்போது ஒலிபெருக்கி இல்லாமல் கிதார் கேட்காது. முன்னால் மைக் வைத்தால் தபேலா உள்ளே நுழைந்துவிடும். நான் கொஞ்சம் அசைந்தாலும் சத்தம் ஏறி இறங்கும். ஆகவே பிக்கப் வேண்டும். ஆனால் பிக்கப் என்றாலே எனக்குப் பயமும் இருந்தது. இதற்கு முன் வைத்திருந்த கிதாரில் பட்ட காயம் அது.

அந்தக் கிதாருக்கு ஒரு கடையில் சேடிலுக்கு அடியில் வைக்கும் பிக்கப் பொருத்தினார்கள். சேடில் என்பது பிரிட்ஜின்மேல் தந்திகள் ஏறி இறங்கும் எலும்புத் துண்டு. அது உட்காரும் பள்ளத்தில் பட்டையான ஒரு பீசோ துண்டைப் படுக்க வைப்பார்கள். சில படிகங்களை அழுத்தினால் மின்னழுத்தம் பிறக்கும் என்று 1880இல் கியூரி சகோதரர்கள் கண்டறிந்தார்களே, அதே தத்துவம்தான். தந்தி அதிரும்போது சேடில் அழுத்தும், பீசோ மின்சாரம் தரும். இது ஒழுங்காக வேலை செய்ய வேண்டுமானால் பள்ளத்தின் அடிப்பகுதியும் சேடிலின் அடிப்பகுதியும் கண்ணாடி போலச் சமமாக இருக்க வேண்டும். பிக்கப்பின் கனத்துக்கு ஏற்ப சேடிலின் அடியைத் தேய்த்துக் குறைக்கவும் வேண்டும். அவர்கள் தேய்த்தார்கள், ஆனால் சாய்வாகத் தேய்த்துவிட்டார்கள். மூன்றாம் தந்தி கத்தும். ஆறாம் தந்தி இருக்கிறதா என்றே தெரியாது. ஸ்பீக்கரில் ஒவ்வொரு தட்டலுக்கும் வாத்து கத்துவது போல ஒரு வெட்டொலி. எலும்புத் துண்டு மறுபடி செய்து போட்ட பிறகும் பழைய சத்தம் முழுதாகத் திரும்பவில்லை. இந்த வகைப் பிக்கப்பை நேர்த்தியாகப் பொருத்தி அருமையாக வாசிப்பவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். கூச்சலான மேடையில் ஸ்பீக்கரை ஊளையிட வைக்காமல் நிற்பதில் இதற்கு நிகர் குறைவு. ஆனால் தந்திக்கும் மரத்துக்கும் இடையில் ஒன்றைச் செருகுவது என்பதை ஓஎம்-28இல் செய்ய எனக்குக் கை வரவில்லை.

எதையும் துளைக்காமல் ஒலித்துளையில் மாட்டும் காந்தப் பிக்கப் ஒன்றை நண்பரிடம் ஒரு வாரத்துக்கு இரவல் வாங்கினேன். ஒலி இனிமைதான். ஆனால் மெல்லிய இரண்டு தந்திகளும் மற்ற நான்கையும் விடத் துருத்திக்கொண்டு கேட்டன. ஏன் என்று யோசித்தபடி, குப்பையில் போட வைத்திருந்த பழைய ஆறாம் தந்தியை எடுத்து நுனியை நிப்பரால் நறுக்கி, சுற்றுக் கம்பியின் தலைப்பைப் பிடித்து இழுத்தேன். ஸ்பிரிங் மாதிரி பிரிந்து வந்தது. வெளிப்புறம் கறுத்துப் போயிருந்தாலும் உட்புறம் இன்னும் பொன்னிறம். உள்ளே இருந்த எஃகைக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் உருட்டினேன், உருளவில்லை, இடறியது. அது வட்டமல்ல, ஆறு பட்டை. சுற்றுக் கம்பி வழுக்காமல் பிடிக்க அப்படிச் செய்கிறார்கள். குளிர்சாதனப் பெட்டிக் கதவிலிருந்து காந்தத்தைக் கழற்றி வந்து இரண்டின் மேலும் வைத்தேன். எஃகு தாவி ஒட்டிக்கொண்டது. பொன்னிறச் சுருள் அசையவே இல்லை.

விடை அங்கேயே இருந்தது. காந்தப் பிக்கப்புக்கு வெண்கலமும் பித்தளையும் கண்ணுக்கே தெரியாது. தடித்த ஆறாம் தந்தியிலும் அது பார்ப்பது நடுவில் இருக்கும் ஒல்லி எஃகை மட்டும். வெறும் எஃகுத் தந்தியையோ முழுதாகப் பார்க்கிறது. இதைச் சரிக்கட்டக் காந்த முனைகளின் உயரத்தைத் தந்திக்குத் தந்தி மாற்றி அமைக்கிறார்கள், இரண்டாம் தந்தியின் கீழ் முனையைத் தாழ்த்துகிறார்கள். அது தீர்வுதான். ஆனாலும் அந்தச் சுருளை மேசைமேல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்குள் ஒன்று விழுந்தது: தந்தியின் எந்தப் பகுதியைக் கேட்பது என்பதைப் பிக்கப் தீர்மானிக்கிறது. அப்படியென்றால் பிக்கப்பை அறியாமல் நான் எழுதிய தந்தி நோட்டுப் புத்தகம் வீட்டில் வாசிப்பதற்கு மட்டும்தான் செல்லுபடியாகும். அந்த நினைப்பை அன்று முழுதாகப் பின்தொடர்ந்து போகவில்லை.

கிதார் வேலைக்கு நான் போவது வேளச்சேரியில் ஒரு தம்பியிடம். மாடியில் சின்ன அறை. "கிதார் பெட்டியே ஒரு கருவி அக்கா, தந்தியை மட்டும் கேட்டால் எப்படி? பலகையைக் கேளுங்கள்" என்றார். அவர் காட்டியது கே அண்ட் கே பியூர் மினி. சட்டைப் பொத்தான் அளவில் மூன்று பீசோ வில்லைகள். பிரிட்ஜுக்கு நேர் கீழே, கிதாரின் உள்ளே, பிரிட்ஜ் பிளேட் என்று மேப்பிள் மரத்தில் ஒரு சிறு பலகை இருக்கும். அதில் ஒட்ட வேண்டும். பேட்டரி கிடையாது, பிக்கப்பின் மெல்லிய மின்சைகையைப் பெருக்கித் தரும் ப்ரீஆம்பும் உள்ளே கிடையாது. ஆராதனை நடுவில் பேட்டரி தீர்ந்து போகும் கவலை இல்லை என்பது எனக்குப் பெரிய நிம்மதி. நம் வீணைக் கச்சேரிகளில் தண்டிலோ குடத்திலோ கான்டாக்ட் மைக் ஒட்டுகிறார்களே, அதன் ஒன்றுவிட்ட தங்கை என்று வைத்துக்கொள்ளலாம்.

ஒரு துளை மட்டும் தவிர்க்க முடியாது. வார் மாட்டும் பின்பக்கக் குமிழின் துளையை 12 மில்லிமீட்டருக்குப் பெரிதாக்கி அதில் ஜாக் பொருத்த வேண்டும். ஒரு மாதம் தள்ளிப் போட்டேன். கடைசியில் அக்காவுக்குப் போன் செய்து கேட்டேன். "வாசிக்கத்தானே வாங்கிக் கொடுத்தேன்" என்றாள்.

அன்று பகல் முழுவதும் அந்த மாடி அறையில் இருந்தேன். தந்திகளைத் தளர்த்திக் கழற்றியதும், ஒலித்துளை வழியாகச் சிறு கண்ணாடியையும் விளக்கையும் உள்ளே விட்டு எனக்குக் காட்டினார். மேப்பிள் பலகையில் ஆறு துளைகள், ஒவ்வொன்றின் விளிம்பிலும் தந்தியின் பித்தளைக் குண்டு அழுந்திய தடம். "இந்தக் குண்டுக்கும் வில்லைக்கும் இடைவெளி வேண்டும், தொட்டால் டிக் டிக் என்று கேட்கும்" என்றார். முதலில் இரட்டைப் பக்க டேப்பில் ஒட்டிக் கேட்டோம். சத்தம் பஞ்சுக்குள்ளிருந்து வந்தது. டேப் மெத்தையாக இருப்பதால் மேல் அதிர்வுகளை விழுங்கிவிடும். இடம் சரி என்று தெரிந்ததும் டேப்பை எடுத்துவிட்டு, கெட்டியான சூப்பர் குளூவைத் துளி தடவி, வில்லையை விரல் நுனியில் ஏந்தி, முழங்கை வரை கிதாருக்குள் விட்டு, கண்ணை மூடிக்கொண்டு தடவி இடம் கண்டு அழுத்தினார். முப்பது வரை எண்ணினார். சேடிலுக்கு நேர் கீழே, ஒன்றாம் இரண்டாம் தந்திகளுக்கு நடுவில் ஒன்று, மூன்றாம் நான்காம் தந்திகளுக்கு நடுவில் ஒன்று, ஐந்தாம் ஆறாம் தந்திகளுக்கு நடுவில் ஒன்று. பின் துளையை டிரில்லால் தொடவில்லை. கூம்பான ரீமரைக் கையால் மெல்ல மெல்லத் திருப்பினார். சுருள் சுருளாக மரத்தூள் விழுந்தது. தோதகத்தி இல்லை, உள்கட்டையின் வெளிர்த் தூள். அதைக் காகிதத்தில் மடித்து எடுத்து வந்து வைத்திருக்கிறேன்.

முதல் ஞாயிறு ஏமாற்றம்தான். மரச் சத்தம் வந்தது, வாத்து இல்லை. ஆனால் அடர்த்தி தாங்கவில்லை. தாழ்ந்த தந்திகள் ஒன்றோடொன்று குழைந்து, யாரும் சொற்களைக் கேட்க முடியாதபடி கம்மென்று படர்ந்தது. ஐந்தாம் தந்தியை இடது கை விரல் எதுவும் அழுத்தாமல் தட்டியதும் ஸ்பீக்கர் ஊளையிடத் தொடங்கியது. ஊளைக்குக் காரணம் எளிது. கிதார்ப் பெட்டிக்குள் இருக்கும் காற்றுக்கே ஒரு சுருதி உண்டு, என் கிதாரில் அது 110 ஹெர்ட்ஸை ஒட்டி இருக்கிறது. ஐந்தாம் தந்தியும் 110. ஸ்பீக்கர் சத்தம் பலகையை அசைக்க, பலகையில் ஒட்டிய பிக்கப் அதை மறுபடி ஸ்பீக்கருக்கு அனுப்பும். நான் உட்காரும் இடத்தை ஸ்பீக்கரின் பக்கவாட்டுக்கு மாற்றினேன், கிதாருக்கு வெளியே வைத்திருக்கும் ப்ரீஆம்பில் 110 பக்கம் குறுகலாகக் கொஞ்சம் வெட்டினேன், நின்றுவிட்டது.

ப்ரீஆம்பைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். பீசோ பிக்கப்பை நேராக மிக்ஸரில் சொருகக் கூடாது. அதற்கு எதிரே இருக்கும் கருவியின் உள்ளீட்டு மின்மறுப்பு மிக உயர்வாக, ஒரு மெகாஓம் அளவில் இருக்க வேண்டும். குறைந்தால் தாழ்ந்த ஒலிகள் கரைந்து சத்தம் தகர டப்பா போல மெலியும். கிதாரை மிக்ஸரோடு இணைக்கச் சபையில் இருக்கும் சாதாரண பாஸிவ் டிஐ பெட்டி இதற்குப் போதாது. "எனக்குப் பிக்கப் சரியாக அமையவில்லை" என்று வருத்தப்படுகிறவர்கள் பலரிடம் நான் முதலில் கேட்பது, எதில் சொருகினீர்கள் என்பதைத்தான்.

ஊளை நின்றது, மின்மறுப்பும் சரியானது. கம்மென்ற அடர்த்தி மட்டும் போகவில்லை. தாழ்ந்த, உயர்ந்த ஒலிகளைக் கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசரில் எவ்வளவு வெட்டினாலும் கிதார் ஒல்லியானதே தவிரத் தெளியவில்லை. அப்போதுதான் அந்தப் பொன்னிறச் சுருளின் நினைவு வந்தது. தோதகத்தி தன் பங்குக்குத் தாழ்ந்த சுரத்தை அடர்த்தியாக்குகிறது. பாஸ்பர் பிரான்ஸ் அதையே இன்னும் அகலமாக்குகிறது. மேற்பலகையில் ஒட்டிய பிக்கப்பும் இயல்பிலேயே கதகதப்பான பக்கம் சாய்வது. மூன்று பேரும் ஒரே பக்கம் இழுத்தால் வண்டி எப்படி நேராகப் போகும்? வீட்டில் கேட்கும்போது முதல் இருவர் மட்டும்தான் இருந்தார்கள், இனிமையாக இருந்தது. மூன்றாமவர் சேர்ந்ததும் தாளவில்லை.

நோட்டுப் புத்தகத்தைத் திறந்தேன். முதல் பக்கத்தில் "80/20, போட்ட அன்று" என்பதற்கு எதிரே "ஒவ்வொரு சுரமும் தனியாக நிற்கிறது" என்று எழுதியிருந்தேன். அதை நான் கைவிட்டது நான்காம் நாள் மங்கியதற்காக. ஒலி பிடிக்காமல் அல்ல. பூச்சுள்ள 80/20, அதே 12-53, எலிக்சரிலேயே கிடைக்கிறது. மெல்லிய நானோவெப் பூச்சு. சனிக்கிழமை மாலை போட்டேன். ஈக்வலைசரை நேராக்கி, எந்த வெட்டும் இல்லாமல், அந்த 110ஐத் தவிர, மறுநாள் வாசித்தேன். முதல் கீர்த்தனையின் இரண்டாம் சரணத்தில் தபேலா வாசிக்கும் அண்ணன் திரும்பி என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். ஐந்தாம் தந்தியும் ஆறாம் தந்தியும் தனித்தனியே கேட்டன. அவற்றுக்கு மேலே மரம் கேட்டது.

வீட்டில் பிக்கப் இல்லாமல் வாசிக்கும்போது 80/20 பாஸ்பர் பிரான்ஸைவிடக் கொஞ்சம் கூர்மைதான். முதல் சில நாட்கள் பாஸ்பர் பிரான்ஸின் அகலத்துக்கு ஏங்கினேன், மறைக்கவில்லை. இப்போது தோதகத்தியின் அடர்த்திக்கு இந்தக் கூர்மை பொருந்துகிறது என்றே நினைக்கிறேன்; தாழ்ந்த சுரங்களுக்கு விளிம்பு கிடைக்கிறது. மஹோகனி உடம்புள்ள கிதாரானால், காந்தப் பிக்கப் மாட்டுபவரானால் நான் வேறு வழி சொல்வேன். மஹோகனி இயல்பிலேயே வறண்ட, நேரான ஒலி. அதற்குப் பாஸ்பர் பிரான்ஸின் அகலம் உதவக்கூடும், பிளெக்ட்ரம் பிடிப்பவரானால் மோனலும் அழகாக இருக்கும். சேடிலுக்கு அடியில் பிக்கப் வைத்தவர் புதுப் பித்தளைத் தந்தியைப் போட்டால் அந்த வெட்டொலி இன்னும் கூர்மையாகும். அவர் பாஸ்பர் பிரான்ஸ் பக்கம் போகலாம்.

இப்போது பூச்சுத் தந்தியை இரண்டரை மாதத்துக்கு ஒரு முறை மாற்றுகிறேன். வாசித்து முடித்ததும் அப்பாவின் பழைய மல் வேட்டியில் கிழித்த துணியால் ஒவ்வொரு தந்தியையும் மேலும் கீழும் துடைப்பேன். மாற்றும்போது குண்டு மேப்பிள் பலகையை ஒட்டி உட்கார்ந்திருக்கிறதா என்று சிறு கண்ணாடியை உள்ளே விட்டுப் பார்ப்பேன். வில்லைகள் மூன்றும் ஒட்டிய இடத்திலேயே இருக்கின்றன.

போன ஞாயிறு இரவே அந்தக் கல்லூரித் தம்பியின் அம்மாவிடம் எண் வாங்கிப் போன் செய்தேன். பிக்கப்பை இன்னும் ஆர்டர் செய்யவில்லை, நல்லவேளை. கிதார் மஹோகனியாம், பிளெக்ட்ரம் பிடித்துத்தான் வாசிப்பாராம். வரும் ஞாயிறு அதைக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். இழுப்பறையிலிருந்த மோனல் செட்டையும் நிப்பரையும் சபைக்கு எடுத்துப் போகும் பையில் இப்போதே வைத்துவிட்டேன். குளிர்சாதனப் பெட்டிக் காந்தத்தையும்தான்.